ஈயம் வைத்த பன்னிரண்டு பெட்டிகள்

கடைக்காரர் பையின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் பெட்டியக்காவுக்கு வாடை வந்துவிட்டது. கெட்டுப்போன மீன் வாடை. மீன் இல்லாத இடத்தில் மீன் வாடை அடித்தால் எங்கோ ஒரு சாக்கெட் வேகிறது என்று அர்த்தம். அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள்.

“தையல்காரர் கொண்டாந்து குடுத்தாரு,” என்றார் கடைக்காரர். “இஸ்திரிப் பெட்டி போட்டிருந்தாராம். புகை வந்துச்சாம். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை திட்டல. வேற ஒண்ணு குடுங்கன்னு மட்டும் சொன்னாரு.”

திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது.

இளமஞ்சள் நிற எக்ஸ்டென்ஷன் பெட்டி. நாலு சாக்கெட், நாலு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, மூன்று மீட்டர் ஒயர். அவள் கையால் பூட்டியது. முதல் சாக்கெட்டின் துளையைச் சுற்றிக் காசு அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. துளை வட்டமாக இல்லை. கொட்டாவி விட்டதுபோல நீண்டிருந்தது.

நாலு மூலைத் திருகுகளையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒயரைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டிய திருகு, திருப்புளி வைப்பதற்கு முன்பே விரலுக்குச் சுழன்றது. ஒயர் நுனி தானாகக் கையோடு வந்தது. அந்த நுனியில் அவள் வைத்திருந்த ஈயம் நசுங்கித் தகடாகி ஓரத்தில் கறுத்திருந்தது.

“ஒயர் மட்டமோ?” என்றார் கடைக்காரர்.

“நல்ல ஒயர்தான்.”

“அப்ப அவரு அளவுக்கு மீறிப் போட்டிருப்பாரு. ஒரு சாக்கெட்டுல ஊரையே சொருகுறாங்க இப்பல்லாம்.”

அவள் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேசைக்கடியில் கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“இந்த மஞ்சள் பெட்டி நம்மகிட்ட எத்தனை வந்துச்சு?”

“ஒரு டஜன். அந்த நிறம் யாருக்கும் புடிக்கல. மறுபடி வெள்ளைக்கே போய்ட்டேன். ரெண்டு இன்னும் கடையில தூங்குது. ஒண்ணு மக வீட்டுக்குன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. மிச்சமெல்லாம் போயிடுச்சு.”

“ஒன்பது போயிருக்கு. அதுல ஒண்ணு இது.”

“ஆமா.”

“எட்டு வெளிய இருக்கு. எட்டும் யார்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க.”

கடைக்காரர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

அவளுக்குத் தெருவில் பெட்டியக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருஷம் சுவிட்ச் தயாரிக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே மூன்றாவது திருகு மட்டும் அவள் வேலை. நகர்ந்து வரும் ஒவ்வொரு சுவிட்சிலும் மூன்றாவது திருகை முடுக்கி அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். நாலாவது திருகை முடுக்கியவள் பின்னாளில் அவளுக்குச் சம்பந்தியானாள். தொழிற்சாலை மூடிய பிறகு, முக்குத் தெரு மின்சாமான் கடைக்காரர் பெட்டி, சாக்கெட், ஒயர் எல்லாம் கொடுத்துப் பூட்டித் தரச் சொன்னார். பதினான்கு வருஷமாக ஒரு நாளைக்கு ஆறு பெட்டி. இப்போது எல்லாத் திருகும் அவளே.

அவளுக்கு ஒரு முறை உண்டு. ஒயர் நுனியின் தோலை உரித்து, செப்பு இழைகளை முறுக்கி, நுனியை இரண்டாக மடித்துத் துளையில் செருகி முடுக்குவாள். மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி அரை மணி நேரம் ஓடவிடுவாள். பிளக்கைப் பிடுங்கி உள்ளங்கையில் வைப்பாள். வெதுவெதுப்புகூட இருக்கக் கூடாது. சும்மா சூடேறும் இஸ்திரிப் பெட்டியை வீணாக்குவானேன் என்று வீட்டுத் துணியையெல்லாம் தேய்த்துவிடுவாள். தரை துடைக்கிற துணிக்கும் மடிப்புக் கலையாத ஒரே வீடு அதுதான்.

“நான் பஸ் ஓட்டின காலத்துல சட்டை கசங்கிக் கிடக்கும்,” என்பார் அவள் புருஷன். “இப்ப வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன். கைலி கத்தி மாதிரி நிக்குது.”

ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் அந்த ஈயம் வந்தது. மாப்பிள்ளை செல்போன் பழுது பார்ப்பவர். ஒருநாள் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிக்கும்போது ஒரு இழை பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டது. அவள் அதை மெனக்கெட்டு உள்ளே தள்ளினாள்.

“நுனியில ஒரு பொட்டு ஈயம் வச்சுட்டா பிரியவே பிரியாது அத்தை. கம்பி மாதிரி நிக்கும். எங்க வேலையெல்லாம் அதுதான்.”

மறுவாரமே தன் பழைய பற்றவைப்புக் கோலையும் ஒரு சுருள் ஈயத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் பன்னிரண்டு மஞ்சள் பெட்டிகளுக்கு வைத்தாள். நுனிகள் வெள்ளி மாதிரி மின்னின. மூடியைப் பூட்டவே மனம் வரவில்லை, அவ்வளவு அழகு. இஸ்திரிப் பெட்டிச் சோதனையில் பன்னிரண்டும் ஜில்லென்று இருந்தன. பிறகு சுருள் தீர்ந்தது. அந்தப் புகை அவள் புருஷனுக்கு இருமலைக் கொடுத்ததால் புதுச் சுருள் கேட்கவில்லை. பழையபடி மடிப்புக்கே திரும்பிவிட்டாள்.

இருமல் வராமல் இருந்திருந்தால். அந்த நினைப்பை அவள் அதற்கு மேல் ஓடவிடவில்லை.

கடையில் தூங்கிய இரண்டு பெட்டிகளையும் அன்று மதியமே வாங்கிவந்தாள். ஒருவரும் தொடாத பெட்டிகள். மூடியைத் திறந்து திருப்புளியை வைத்தாள். திருகு கால் சுற்று நகர்ந்தது. சும்மா கிடந்ததற்கே கால் சுற்று. பக்கத்தில், அதே மாதம் வேறு வேலைக்காக மடிப்பு முறையில் பூட்டியிருந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். அங்கே திருகு கல்லாக நின்றது. மஞ்சள் பெட்டியில் இஸ்திரிப் பெட்டியை ஒரு மணி நேரம் போட்டு, ஆறவிட்டு, மறுபடி திருப்புளியை வைத்தாள். இன்னொரு கால் சுற்று.

ஈயம் மெத்தென்றிருக்கும். திருகு அழுத்த அழுத்த அது மெல்ல வழி விடுகிறது. சூடேறி ஆறும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் விடுகிறது. பிடி தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்ச்சி. அரை மணி நேரச் சோதனையில் இது அகப்படாது. மாதக் கணக்கில் ஓடினால்தான் அகப்படும். ஓடவிட்டு அகப்படுவது யார் வீட்டில் என்பதுதான் கேள்வி.

கஞ்சத்தனத்தில் செய்த தப்பு இல்லை, அவசரத்தில் செய்த தப்பும் இல்லை. கூடுதலாகக் கவனம் எடுத்துச் செய்த தப்பு. யாரிடம் சொல்லி ஆறுவது?

முதலில் மகள் வீட்டுக்கு ஓடினாள். பெட்டி கட்டிலுக்கடியில் இருந்தது. அதன் மேல் ஒரு தலையணை விழுந்து கிடந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலும் அதில்தான்.

“என்னம்மா, வந்ததும் வராததுமா கட்டிலுக்கடியில புகுந்துட்டே?” என்றாள் மகள். “ஏதாச்சும் தொலைச்சியா?”

“ஆமா.”

திருகு அரைச் சுற்று. மாப்பிள்ளை கடையை மூடிவிட்டு வந்தபோது அவள் ஈயம் வைத்த நுனிகளை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக உரித்து மடித்து முடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் வெட்டிய நுனியைப் பொறுக்கி எடுத்தார்.

“எங்க போர்டுல ஈயம் இளகவே இளகாது அத்தை. வருஷக் கணக்கா நிக்கும்.”

“அங்க ஈயம் மட்டும் இருக்கு மாப்பிள்ளை. இங்க மேல ஒரு திருகு உக்காந்து அமுக்குது.”

அவர் நுனியை நகத்தால் கீறினார். “நான் சொல்லித்தானே வச்சீங்க,” என்றார் கடைசியில்.

“நீங்க சொன்னீங்க. கை என்னோடது.”

மிச்சம் எட்டு.

கடைக்காரரிடம் பேரேடு கிடையாது. அவர் மனிதர்களை அவர்கள் போட்ட சண்டையை வைத்து நினைவில் வைத்திருந்தார். சுவர்க்கடிகாரம் அஞ்சு நிமிஷம் பிந்துது என்று மறுநாள் மல்லுக்கு வந்தவர், பல்பு பீஸ் போச்சு என்று பல்பை மேசையில் உருட்டியவர், சில்லறை குறையுது என்று முறைத்த விடுதிப் பையன்கள். இப்படி ஏழு பேரை அவர் ஒரு வாரத்தில் கிண்டி எடுத்தார். எட்டாவது ஆள் சிக்கவில்லை.

“சண்டை போடாதவங்க முகம் மனசுல நிக்க மாட்டேங்குது அக்கா. நான் என்ன பண்ண?”

பெட்டியக்கா தோள்பையில் இரண்டு திருப்புளி, ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், ஒரு முழம் ஒயர் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பதினான்கு வருஷமாகப் பெட்டி செய்தவள், பெட்டி போய்ச் சேரும் அறைகளை அப்போதுதான் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

முடிதிருத்தும் கடையில் பெட்டி தன் ஒயராலேயே ஆணியில் தூக்கு மாட்டித் தொங்கியது. சாக்கெட் துளைகளுக்குள் முடித்துணுக்கு அடைந்திருந்தது. “இங்க வர்றவங்க எல்லாம் தலையைக் குடுப்பாங்க,” என்றார் முடிதிருத்துபவர். “நீங்கதான் பெட்டியைக் கேக்குறீங்க.” விடுதி அறையில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டி, அதிலிருந்து இன்னொன்று என்று ரயில் போலப் போனது, கடைசிப் பெட்டியில் பிளக் இல்லாத ஒயரின் இரண்டு நுனிகளையும் துளையில் விட்டுத் தீக்குச்சியால் ஆப்பு அடித்திருந்தார்கள். தீக்குச்சியை மருந்து முனையோடு செருகியிருந்தார்கள். அவள் அதைப் பிடுங்கி அவர்கள் முன்னால் நீட்டினாள். “மருந்தையாவது உடைச்சுட்டுச் செருகக் கூடாதாப்பா?” பிறகு, தான் என்ன சொன்னோம் என்று உறைத்து, “செருகவே கூடாது,” என்றாள். ஒரு வயதான தம்பதி, யாரும் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று ஒயரை வாசல் மிதியடிக்கு அடியில் ஓட்டியிருந்தார்கள். மழையில் நனைந்து வருகிற ஒவ்வொரு காலும் அதன் மேல் ஏறித்தான் உள்ளே வரவேண்டும்.

சுவர்க்கடிகாரத்துக்காக மல்லுக்கு வந்தவர் கதவைப் பாதிதான் திறந்தார். “அஞ்சு மாசமா நல்லாத்தானே ஓடுது? புதுசு விக்க வந்திருக்கீங்க. எனக்குத் தெரியாதா இந்த வித்தை?”

“நான் எதையும் விக்கல. உள்ளகூட வரல. அதுல என்ன போட்டிருக்கீங்க?”

“தண்ணி சூடு பண்றது.”

“சுவிட்சை அணைச்சுட்டு, பிளக்கை உருவி, அந்தப் பிளாஸ்டிக் பக்கத்தை உள்ளங்கையில வச்சுப் பாருங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கதவு முழுசாகத் திறந்தது.

ஏழு பெட்டிகளில் மூன்றில் கால் சுற்று, மூன்றில் அரைச் சுற்று, கடிகாரக்காரருடையதில் முழுச் சுற்று. எட்டாவது எத்தனை சுற்று? சோறு இறங்கவில்லை. பெரிய ரோட்டில் சைரன் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

“அது ஆம்புலன்ஸ்,” என்பார் அவள் புருஷன், திண்டில் சாய்ந்தபடி. “ஃபயர் வண்டிக்கு வேற குரல். முப்பது வருஷம் ரோட்டுல வழி விட்டவன் சொல்றேன்.” அடுத்த நாள் நிஜமாகவே வேறு குரல் கேட்டது. இல்லாத பிரேக்கை அவர் கால் மிதித்ததை அவள் பார்த்தாள்.

பத்தாவது நாள் கடைக்காரர் தானே ஓடிவந்தார். “ஞாபகம் வந்துடுச்சு. ஒரு ஆள், கூட ஒரு பொம்பளப் புள்ள. அவரு வெள்ளைதான் கேட்டாரு. அந்தப் புள்ளதான் மஞ்சள் வேணும்னு தரையில உக்காந்துடுச்சு. ரொட்டி வண்டி ஓட்டுறவரு. சட்டையெல்லாம் மாவு.”

ரொட்டித் தொழிற்சாலையில் விசாரித்ததில் பழைய விலாசம் கிடைத்தது. அங்கே போனால் வீடு மாறிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்டுப் புது விலாசம் வாங்கினாள். மூன்று மாடிக் கட்டடம், முதல் மாடி, நடைபாதையைப் பார்த்த வீடு. அவள் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. கதவு பூட்டியிருந்தது.

ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. கண்ணுக்குக் கையை அணை கொடுத்து உள்ளே பார்த்தாள். மூலையில் ஃபிரிட்ஜ். அதன் காலடியில் ஒரு துணிக் குவியல். குவியலின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விளிம்பும், துணி வழியாக மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளியும் தெரிந்தன. விளக்கு எரிகிறது. பெட்டி ஓடுகிறது. மேலே துணி.

அப்போது வாடை வந்தது. மீன்.

ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தாள். மீன்தான். விலகி வந்து படிக்கட்டுப் பக்கம் முகர்ந்தாள். அங்கேயும் மீன். கீழே எங்கோ எண்ணெய் சடசடத்தது. யாரோ மீன் பொரிக்கிறார்கள். ஜன்னலுக்கு ஓடினாள், படிக்கு ஓடினாள். எது எந்த மீன்? இத்தனை வருஷம் அவளை ஏமாற்றாத மூக்கு அன்று கைவிட்டது.

படிக்கட்டுக்கு அடியில் ஆறு மீட்டர் வரிசையாக இருந்தன. எண்கள் எழுதிய பெயின்ட் உதிர்ந்திருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளை ஃபியூஸ் கட்டை. அடுத்தவர் வீட்டு ஃபியூஸை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. வலது ஓரத்துக் கட்டையைப் பிடித்து உருவினாள். கீழ்வீட்டில் ஓடிய ரேடியோ நின்றது.

“எந்தப் புண்ணியவான் அது?” கையில் கரண்டியோடு ஒரு பெண் வெளியே வந்தாள். “மீனைப் பாதி வேக்காட்டுல வச்சிருக்கேன், விளக்கை அணைச்சிட்டீங்களே. நீங்க யாரு? கரண்ட் ஆபீஸா?”

“இல்லம்மா. நான் பெட்டி செய்யறவ. மேல முதல் வீட்டுல நான் செஞ்ச பெட்டி ஓடுது. அது சரியில்ல. மேல துணி கிடக்கு. வீடு பூட்டியிருக்கு.”

கரண்டிக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியமா, திருட்டா என்று இரண்டு கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு அவளும் மாடியை அண்ணாந்து பார்த்தாள். மாடியில் தீப்பிடித்தால் கீழே தனக்கென்ன என்று இருக்க முடியாத வீடு அவளுடையது. “எது அவங்க மீட்டருன்னு எனக்கும் தெரியாதே,” என்றாள்.

“நீங்க மேல ஜன்னல்ல நின்னு பாருங்க. சிவப்பு விளக்கு அணைஞ்சா சொல்லுங்க. நான் ஒவ்வொண்ணா உருவுறேன்.”

“அதுக்கு முன்னாடி என்னோடதைச் சொருகுங்க.”

சொருகினாள். ரேடியோ பாட்டின் நடுவில் பிடித்துக்கொண்டது. கரண்டிக்காரி கரண்டியோடே படியேறினாள்.

“அணைஞ்சுதா?”

“எரியுது.”

இரண்டாவது கட்டைக்கு மேல்மாடியில் ஒரு ஆண் குரல் வைதது. அதைத் திரும்பச் செருகி மூன்றாவதை உருவினாள். கை வியர்த்து வழுக்கியது.

“இப்ப?”

“அணைஞ்சிடுச்சு அக்கா.”

அந்தக் கட்டையோடு அவள் படியில் உட்கார்ந்தாள். யாரும் திரும்பப் பொருத்திவிட முடியாதபடி மடியில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். கரண்டிக்காரி பொரித்த மீனை இறக்கிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

“ஒருவேளை என் மீன் வாடையாவே இருந்துட்டா?”

“இருக்கட்டும்.”

“அவங்க ஃபிரிட்ஜ்ல எல்லாம் கெட்டுப்போகுமே. அந்தம்மாவுக்கு வாய் நீளம், சொல்லிட்டேன்.”

“திட்ட அந்த வாய் இருக்கணும். அதுக்குத்தான்.”

மூன்று மணி நேரம். அவள் நாலு தரம் மேலே போய் முகர்ந்து பார்த்தாள். ஐந்து மணிக்கு அந்த வீட்டுக்காரியும், ஏழு வயதிருக்கும் பெண்ணும் வந்தார்கள். கரண்டிக்காரி வாசலிலேயே மறித்து நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரி கேட்டு முடிக்கும் முன்பே பெட்டியக்காவின் மடியைப் பார்த்தாள்.

“எங்க வீட்டு ஃபியூஸை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களா? ரொம்ப நல்லாருக்கு. நீங்க யாருங்க எங்களுக்கு?”

“கதவைத் திறங்க. பாத்துட்டுத் திட்டுங்க.”

துணியை விலக்கினார்கள். அது அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடச் சட்டை. ஃபிரிட்ஜ் மேலிருந்து சரிந்து விழுந்திருக்கிறது. பெட்டியக்கா பெட்டியை மடியில் வைத்துத் திறந்தாள். முதல் சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு. தையல்காரருடையதைவிடச் சின்னது, பட்டன் அளவு. திருப்புளியை எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. திருகை விரலால் தொட்டாள். சுழன்றது. அவள் அதைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டையின் முதுகில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது.

“அது டீக் கறை,” என்றாள் வீட்டுக்காரி. குரலில் பழைய வேகம் இல்லை.

“டீதானேடி?” என்று மகளைப் பார்த்தாள். பெட்டியக்கா சட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மடித்து அந்தம்மா கையில் கொடுத்தாள்.

“துவைச்சுப் பாருங்க.”

அந்தப் பெண் அதற்குள் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கிண்ணத்தை வெளியே எடுத்திருந்தது. ஒரு செம்பருத்திப் பூவைத் தண்ணீரில் போட்டு உறையவைத்திருக்கிறது. இப்போது பூ தண்ணீரில் கிழிந்து மிதந்தது. “என் பூ உருகிடுச்சு,” என்றது, யாரையும் பார்க்காமல். அன்று முழுக்க அவளுக்கு உறைத்த திட்டு அது ஒன்றுதான்.

ஈய நுனிகளை வெட்டி, மடித்து முடுக்கி, மூன்று தரம் இழுத்தாள். கருகிய சாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்த ஒயரின் மிச்சத்தால் மற்ற மூன்றையும் பிணைத்தாள். பெட்டியின் அடியில் தன் போன் நம்பரை எழுதினாள். “தினம் ஒரு தடவை பிளக்கைத் தொட்டுப் பாருங்க. நீங்க தொடணும், புள்ள வேண்டாம். சூடா இருந்தா எனக்குப் போன் பண்ணுங்க,” என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு ஃபியூஸ் கட்டையைச் செருகப் போனாள்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு என்றாள். அவள் புருஷன் தட்டை எடுத்து வைத்தார். அன்று இறங்கியது சோறு.

பன்னிரண்டு பெட்டிகளோடு இது தீர்ந்துபோகும் என்று அவள் நினைத்திருந்தாள். தீரவில்லை. பதினான்கு வருஷத்தில் அவள் கை பூட்டிய மற்ற பெட்டிகள் எல்லாம் மடிப்பு முறைதான், கல் மாதிரி நிற்கும்தான். ஆனால் அவற்றில் எத்தனை மிதியடிக்குக் கீழே கிடக்கின்றன, எத்தனை ஆணியில் தொங்குகின்றன? இப்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் தன் நம்பரை எழுதித்தான் கடைக்கு அனுப்புகிறாள். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. “ஜோசியக்காரர் மாதிரி நம்பர் போட்டா யாரு அக்கா வாங்குவா?” வாங்குகிறார்கள். போன் வருகிறது. சிவப்பு விளக்கு எரியவில்லை, எர்த் துளை எதற்கு, மிக்சி போடலாமா. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அவள் கை திருப்புளியைத் தேடிவிட்டுத்தான் போனை எடுக்கிறது.

மாலை ஆறு மணிக்கு மட்டும் தவறாமல் ஒரு போன். பூ உருகிய பெண். “அம்மா தொட்டாங்க. ஜில்லுன்னு இருக்கு.” அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடும். யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அதுவாகவே பிடித்துக்கொண்டது. முதல் வாரம் பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வாரத்துக்குள் ஆறு மணிக்கு முன்னால் எந்த வேலையும் ஓடாமல் போனது.

நேற்று ஆறு அடித்தது. ஆறேகால். பெட்டியக்கா ஒரு நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆறரை. அவளே போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

“சின்னப் புள்ள,” என்றார் அவள் புருஷன். “விளையாடப் போயிருக்கும். அம்மாவும் கூடப் போயிருப்பா.”

“இருக்கும்.”

“போன்ல சார்ஜ் இருக்காது.”

“இருக்கும்.” இன்னொரு தரம் போட்டாள். எடுக்கவில்லை.

திருப்புளியைப் பையில் போட்டாள். செருப்பைத் தேடினாள். அவர் எழுந்து வந்து, கதவுக்குப் பின்னால் கிடந்த மற்றொரு செருப்பைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

“அங்க போய் வரிசையா எல்லார் வீட்டையும் இருட்டாக்கிட்டு நிக்காதே. எந்த ஃபியூஸ்னு ஞாபகம் இருக்கா?”

“வலது ஓரத்துலேர்ந்து மூணாவது,” என்றாள், படி இறங்கிக்கொண்டே.